வெள்ளத்தோடு வந்த ரசாயனம்: எதைத் தொடக்கூடாது, யாரிடம் கேட்க வேண்டும்?

கேள்வி: வடசென்னையில் ஒரு தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. மொத்தம் 48 வீடுகள். புயல் மழையில் தரைத்தளத்தில் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, மேலே எண்ணெய்ப் படலம், கண்ணெல்லாம் எரிந்தது. பின்னால் இருக்கும் முலாம் பூசும் பட்டறைப் பக்கமிருந்து இரண்டு நீல டிரம்கள் மிதந்து வந்து எங்கள் வேப்பமரத்தடியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. 20,000 லிட்டர் சம்ப், போர்வெல் இரண்டும் மூழ்கின. தண்ணீர் வடிந்து ஒன்பது நாளாகியும் கேன் தண்ணீர்தான். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொன்றைக் கைகாட்டுகிறது. பட்டறைக்காரர், "புயலுக்கு நான் என்ன சார் பண்றது, கடவுள் செயல்" என்கிறார். இதற்கிடையில் எங்கள் சங்க மண்டபத்தை ஐந்து நாள் நிவாரண முகாமாக எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஒருவரின் மினி லாரியையும் எங்கள் டீசல் பம்பையும் கொண்டுபோனார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. யாருக்கு என்ன அதிகாரம், எங்களுக்கு என்ன கிடைக்கும்?

செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், வடசென்னை

பதில்:

ஐயா, சட்டத்துக்குப் போகுமுன் வேப்பமரத்தடியைக் கவனியுங்கள். அந்த டிரம்களை யாரும் நகர்த்த வேண்டாம், மூடியைத் திறந்து மோந்து பார்க்கவும் வேண்டாம். காயலான் கடைக்காரர் கண்ணில் பட்டால் மறுநாள் அவை இருக்காது. உங்கள் வழக்கின் பெரிய சாட்சி அதோடு போய்விடும். கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதைவிட ஆபத்து. சுற்றிலும் ஐந்து மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கசிவு தெரிந்தால் 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். லேபிள், தயாரிப்பு எண், மூடியின் நிலை எல்லாம் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள்.

இரண்டாவது, ஆசிட். வெள்ளம் வடிந்ததும் சேறு படிந்த தரையைக் கழிப்பறை ஆசிட் ஊற்றித் தேய்ப்பது நம் வழக்கம். உங்கள் வளாகத்தில் அது கூடவே கூடாது. முலாம் பட்டறைகளில் சயனைடு உப்புகள் புழங்குவது உண்டு. சயனைடு கலந்த சேற்றில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு வரும். இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடியவை. இந்த எச்சரிக்கை 48 வீடுகளுக்கும் இன்றே போகட்டும்.

இனி ஆதாரம். ஒன்பது நாளாகிவிட்டதே, மஞ்சள் தண்ணீர் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். தண்ணீர் போனாலும் உலோகம் சேற்றில் தங்கும். முலாம் பட்டறை, மஞ்சள் நிறம் என்றதுமே முதல் சந்தேகம் குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தின் மீதுதான் விழும். அது சேற்றில் இருக்கும் அங்ககப் பொருளோடு வினைபுரிந்து காலப்போக்கில் வேறு வடிவத்துக்கு மாறலாம், ஆனால் மொத்தக் குரோமியத்தின் அளவு குறையாது. ஆகவே வளாகம் முழுவதையும் கழுவிவிடாதீர்கள். நடமாடும் பாதையை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, டிரம் அருகில், பின்சுவரில் தண்ணீர் புகுந்த இடத்தில், தோட்டத்தில், சம்பின் அடியில் சேற்றை அப்படியே விட்டுவையுங்கள்.

மாதிரி எடுக்க எவர்சில்வர் கரண்டி வேண்டாம். எவர்சில்வரிலேயே குரோமியமும் நிக்கலும் இருப்பதால் "கரண்டியிலிருந்து வந்தது" என்று எதிர்த் தரப்பு சொல்ல வழி கொடுக்கிறீர்கள். புது பிளாஸ்டிக் கரண்டியால் மேல் 5 செ.மீ. சேற்றில் அரை கிலோ எடுத்துப் புது ஜிப் கவரில் போடுங்கள். எண்ணெய் வாடை அடிக்கும் சேற்றுக்கு மட்டும் அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடி. நான்கு இடத்திலும் எடுத்த பிறகு, வெள்ளமே ஏறாத பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்தாவதாக ஒன்று எடுக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் கோட்டைவிடுவது இந்த ஐந்தாவதைத்தான். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், "அந்த வட்டாரத்து மண்ணே அப்படித்தான்" என்ற ஒற்றை வரியில் உங்கள் அறிக்கையை ஓரங்கட்டிவிடலாம்.

சம்ப் தண்ணீருக்கு முறை வேறு. மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பாதி சோதனை வீணாகும். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லி, அவர்களிடமிருந்தே பாட்டில்களை வாங்குங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் பதப்படுத்தும் விதம் மாறும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் ஆசிட் விட்டிருப்பார்கள். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு ஆசிட் கூடாது, விட்டால் அது வடிவம் மாறிவிடும். அதை 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். சயனைடு மாதிரியில் காரம் சேர்ப்பார்கள். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில். அதைச் சம்ப் தண்ணீரால் அலசக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு தப்பும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். இடம், தேதி, மணி, எடுத்தவர் பெயர் நான்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கட்டும். கேட்க வேண்டிய சோதனைகள்: பி.எச்., எண்ணெய், மொத்தக் குரோமியம், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், நிக்கல், துத்தநாகம், சயனைடு. கூடவே கழிவுநீர்க் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா. அதற்குக் கிருமி நீக்கிய தனி பாட்டில் வேண்டும்.

எண்ணெய்ப் படலம் பற்றி ஒன்று. தேங்கிய தண்ணீரில் இரும்புப் பாக்டீரியாவாலும் வானவில் போலப் படலம் மிதக்கும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடித் துண்டுபோல உடைந்து அப்படியே நிற்கும். பெட்ரோலிய எண்ணெய் என்றால் கலைந்த இடம் உடனே கூடிக்கொள்ளும். இதைக் காணொலியாக எடுத்து வைத்தால் நல்லது.

படங்களைப் பொறுத்தவரை, எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் உயரத்தை டேப் பிடித்துச் செ.மீ. கணக்கில் தெரியும்படி எடுங்கள். அதற்கு மேலே எண்ணெய்க் கறை தனிக் கோடாகத் தெரிந்தால் தனியாக.

சம்பைப் பற்றிய முடிவு ஆய்வக அறிக்கைக்குப் பிறகுதான். அதுவரை மோட்டாரைப் போடாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை போட்டிருந்தாலும் மேல்நிலைத் தொட்டியும் மாசுபட்டதாகவே கணக்கு. "காய்ச்சிக் குடிக்கலாமே" என்பவர்களுக்கு: காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும். கண்ணுக்குத் தெளிந்துவிட்டது என்பதும் கணக்கில்லை. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரியாது.

அறிக்கையில் உலோகமும் எண்ணெயும் வரம்புக்குள் இருந்து, கழிவுநீர்க் கலப்பு மட்டும் தெரிந்தால் வேலை சுலபம். தண்ணீரை வெளியேற்றி, ஆள் இறங்காமல் வெளியிலிருந்தே சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவிய பின் நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 33 சதவீதக் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடர் 3 கிலோவை பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். 20,000 லிட்டருக்கு அது லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். அந்தத் தண்ணீரைக் குழாய்கள் வரை ஓடவிட்டு 12 மணி நேரம் வைத்திருந்து வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அதன்பின் சில வாரங்களுக்கு ஒவ்வொரு 1,000 லிட்டருக்கும் 5 கிராம், அதாவது முழு சம்புக்கு 100 கிராம். அரை மணி கழித்துக் குளோரின் கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவுடர் பழையது. ஈரத்தில் திறந்து கிடந்த மூட்டையில் பாதிச் சத்துகூட இருக்காது.

உலோகமோ எண்ணெயோ வரம்பைத் தாண்டியிருந்தால் பிளீச்சிங் பவுடரால் ஒரு பயனும் இல்லை. அந்த நீரை மழைநீர் வடிகாலில் இறைத்தால் நீங்களே இன்னொரு மாசுபடுத்தியவர் ஆகிவிடுவீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் டேங்கரில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். சேறும் டிரம்களும் அபாயக் கழிவு என்ற வகையில் போகும். அவற்றை ஏற்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. செலவு யாருடையது என்பதற்குப் பிறகு வருகிறேன். எந்த நிலையிலும் சம்புக்குள் ஆளை இறக்காதீர்கள். எஞ்சின் பம்பை மூடிய அறையிலோ சம்ப் வாயருகிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இப்போது அதிகாரம். உங்களை அலைக்கழிப்பதற்குப் பின்னால் ஒரு சட்டக் குழப்பம் இருக்கிறது. அது புரிந்தால் மனுவை எப்படி எழுதுவது என்பதும் தெரிந்துவிடும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 'பேரிடர்' என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. இயற்கையால் வந்தாலும், மனிதரால் வந்தாலும், விபத்தாலோ கவனக்குறைவாலோ வந்தாலும், சுற்றுச்சூழல் கெடுவதும் அதில் அடக்கம். ஆனால் நிவாரணப் பணம் தரும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியல் குறுகியது. புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி, தீ என்று போகும் அந்தப் பட்டியலில் ரசாயனக் கசிவு இல்லை. ஆக உங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு ஒரு கோப்பு, அந்தத் தண்ணீரில் வந்ததற்கு இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதுவதால்தான் ஒவ்வொரு மேசையும் "இது எங்களுடையது இல்லை" என்கிறது. தங்கள் பங்குக்கு அவர்கள் சொல்வதும் பாதி உண்மைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் வெள்ளத்துக்காக ரேஷன் கடை வழியே 6,000 ரூபாய் கொடுத்தது ஒரு கணக்கு. எண்ணெயால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தனியாக 8.68 கோடி ரூபாய் அறிவித்தது இன்னொரு கணக்கு: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது மூன்றாவது தடம். ஒரே புயலில் மூன்று வழிகள் ஓடின, ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

மாசுக் கோப்புக்கு முதல் முகவரி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அவசர நடவடிக்கைக்கென்றே எழுதப்பட்டது. ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ நச்சுப்பொருள் இருப்பதாகத் தெரிந்தால், விபத்தாலோ எதிர்பாராத நிகழ்வாலோ வந்திருந்தாலும், வாரியம் காரணத்தை எழுதி வைத்துவிட்டு உடனே அதை அகற்றலாம், மாசைக் குறைக்கலாம், வெளியேற்றத்தைத் தடை செய்யலாம். "எதிர்பாராத நிகழ்வு" என்ற சொல் சட்டத்திலேயே இருப்பதால், புயல் என்பது வாரியம் செயல்படாமல் இருக்கக் காரணம் ஆகாது. 33-ஏ பிரிவின்படி பட்டறையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். வழக்கமாக விளக்கம் கேட்டு 15 நாள் கொடுப்பார்கள். கடும் பாதிப்பு நேரும் என்று எழுத்தில் பதிவு செய்தால் அந்த நோட்டீஸ் இல்லாமலும் உத்தரவிட முடியும். உங்கள் மனுவில் "போர்வெல் மூழ்கியது, குடிநீர் ஆதாரம் இல்லை, டிரம்கள் இன்னும் திறந்த வெளியில்" என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வர வேண்டும். அவசரம் என்று அதிகாரி எழுதுவதற்கான காரணத்தை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அதே மனுவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்கக் கோருங்கள். பட்டறைக்காரருக்கு அங்கேயே அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்துக் கையெழுத்திட்டு எடுப்பதுதான் சட்டப்படியான மாதிரி. வாரியம் தண்டனைக்காக வழக்குப் போட்டால் அதுதான் நிற்கும், உங்கள் தனியார் அறிக்கை நிற்காது. அப்படியென்றால் தனியார் சோதனை எதற்கு? வாரியத்தை வரவழைக்க. அதோடு பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கே அதற்கும் மதிப்பு உண்டு.

அலுவலகங்களுக்கு இடையிலான பந்தாட்டத்தை நிறுத்தக்கூடியவர் கலெக்டர். பேரிடர் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, மாவட்டத்தில் உள்ள எந்தத் துறைக்கும் உள்ளாட்சிக்கும் நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தருகிறது, உத்தரவு வந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர். அந்த ஆணையத்தின் தலைவர் கலெக்டர். 34-ஆம் பிரிவில் இடிபாடு அகற்றுவது, குடிநீர் தருவது, ஆபத்தான இடத்துக்குள் ஆள் போவதைத் தடுப்பது, நிபுணர்களை வரவழைப்பது எல்லாம் வரும். 2025 திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் மாநகராட்சி ஆணையரைத் தலைவராகவும் கலெக்டரைத் துணைத் தலைவராகவும் கொண்ட நகர்ப்புற ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. ஆகவே மனுவை இருவருக்கும் முகவரியிடுங்கள். கடமை தவறும் அதிகாரிக்கு 56-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் முதல் மனுவிலேயே அதைக் காட்டி மிரட்டுவது வேலையைக் கெடுக்கும். வழக்குத் தொடர 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நடவடிக்கையோ உங்களுக்கு இந்த வாரமே வேண்டும்.

தண்ணீர் இறைப்பது, குப்பை, விழுந்த மரம் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913. குடிநீர் லாரிக்கும் கழிவுநீருக்கும் மெட்ரோ வாட்டரின் 044-45674567. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. எதில் பேசினாலும் புகார் எண்ணை வாங்கிக் குறித்துவையுங்கள்.

பட்டறைக்காரரின் "கடவுள் செயல்" வாதத்துக்கு வருவோம். மனிதர் என்ற முறையில் அவர் நிலையும் பரிதாபம்தான், அவர் பட்டறையும் மூழ்கியிருக்கும். ஆனால் அந்த வாதம் சட்டத்தில் எடுபடாது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பு என்ற கோட்பாட்டை நிறுவியது. அபாயகரமான தொழில் செய்பவர் அதனால் வரும் தீங்குக்கு எந்த விதிவிலக்கும் இல்லாமல் பொறுப்பாளி, பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் இருந்த இயற்கைச் சீற்ற விலக்கு இங்கே இல்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 17-ஆம் பிரிவும் தவறு நிரூபிக்கப்படாமலே பொறுப்பு என்கிறது. 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 'விபத்து' என்பதிலிருந்து விலக்கியது இரண்டையே, போர், கதிரியக்கம். புயலை விலக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. (சிறு பட்டறைகளின் ரசாயன இருப்பு அந்தச் சட்டம் குறிப்பிடும் அளவை எட்டாமல் போகலாம். எட்டினால் ஐந்து ஆண்டுக்குள் கலெக்டரிடம் நிவாரணம் கேட்டு மனு செய்யலாம்.)

போதாததற்கு, 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, விபத்து நேர்ந்தால் உடனே வாரியத்துக்குச் சொல்ல வேண்டும், மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு. டிரம் மிதந்து வந்திருக்கிறது என்றால் அது தரையில் கட்டாமல் வைக்கப்பட்டிருந்தது என்றே பொருள். வடகிழக்குப் பருவமழை சென்னைக்கு ஆண்டுதோறும் வருவது. வானிலை மையத்தின் எச்சரிக்கை வெளியான நாளையும் அதன் நிறத்தையும் அச்செடுத்து வையுங்கள். 20 செ.மீ.க்கு மேல் மழை என்ற சிவப்பு எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தால், டிரம்மை மேலே ஏற்ற நேரமில்லை என்று சொல்ல முடியாது.

பலவீனமான கண்ணி வேறிடத்தில் இருக்கிறது. அந்த டிரம் அவருடையதுதான் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? தொழிற்பேட்டையில் முலாம் பட்டறை ஒன்று மட்டுமே இருக்க வாய்ப்பில்லை. லேபிளில் உள்ள சப்ளையர் பெயரும் தயாரிப்பு எண்ணும் அவருடைய கொள்முதல் பில்லோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது வாரியம். எனவே மனுவில் ஒருவரை மட்டும் குற்றம் சாட்டாமல், "எங்கள் குடியிருப்புக்கு மேட்டுப்பக்கம் உள்ள எல்லாப் பட்டறைகளையும் ஆய்வு செய்க" என்று கேளுங்கள். ஒருவர் பெயரை மட்டும் எழுதி அவர் தப்பினால், கோப்பு அங்கேயே மூடப்படும். பட்டறை இயங்க வாரியம் தந்த இசைவாணையின் (அனுமதியின்) நகல், கடைசியாக ஆய்வு செய்த அறிக்கை இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம்.

இழப்பீட்டுக்குப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு, மீட்புக்கு அந்தத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. சுத்தம் செய்ய உத்தரவு மட்டும் கேட்டு 14-ஆம் பிரிவில் போனால் ஆறே மாதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைத் தவறவிடுபவர்கள் உண்டு. பணம் கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம், குறைந்தது 1,000. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. சம்பையும் சேற்றையும் அப்புறப்படுத்தும் செலவு, கேன் தண்ணீர் பில், மருத்துவச் செலவு, ஆய்வகக் கட்டணம் எல்லாவற்றையும் இங்கே கேட்கலாம். அரசு நிவாரணம் ஏதாவது வாங்கியிருந்தால் அதைத் தீர்ப்பாயத்திடம் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம்.

மண்டபமும் லாரியும். பேரிடர் நேரத்தில் மாவட்ட ஆணையமோ அது அதிகாரம் அளித்த அலுவலரோ கட்டிடம், வாகனம், பொருள் எதையும் பேரிடர் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் எடுத்துக்கொள்ளலாம். தகுந்த காரணமின்றி மறுத்தால் 51-ஆம் பிரிவில் குற்றம். நீங்கள் கொடுத்தது சரிதான். ஆனால் எழுத்து மூலமான உத்தரவில்தான் எடுக்க வேண்டும். அது தராததால் உங்கள் உரிமை போய்விடாது, நிரூபிக்கும் சுமைதான் உங்கள் தலையில் விழுகிறது. முகாமின் முதல் நாளும் கடைசி நாளும் தெரியும் படங்கள், தங்கியவர்களின் பதிவேட்டு நகல், லாரியின் கிலோமீட்டர் கணக்கு, டீசல் பில் ஆகியவற்றைச் சேர்த்துத் தாசில்தாருக்கு எழுதி, நடந்ததை உறுதிப்படுத்தி உத்தரவு தரும்படி கேளுங்கள். மண்டபத்துக்கு 66-ஆம் பிரிவின்படி வாடகை கிடைக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக வாடகைக்கு விடாத மண்டபம் என்றால் அந்த வட்டாரத்தில் அதுபோன்ற இடத்தின் வாடகை. லாரிக்கு உள்ளூர் வாடகை விகிதம். முடிவு செய்த தொகை போதாது என்றால் 30 நாளுக்குள் நடுவரிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். டீசல் பம்ப்தான் சிக்கல். 66-ஆம் பிரிவு பேசுவது கட்டிடத்தையும் வாகனத்தையும் பற்றியே, பம்புக்கு அதில் கணக்கு இல்லை. அதை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வாடகைப் பில்லாகக் கொடுத்துப் பாருங்கள். பம்ப் இன்னும் திரும்பவில்லை என்றால் மாடல், சீரியல் எண்ணோடு அதை முதலில் கேளுங்கள்.

கடைசியாக வெள்ள நிவாரணம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மத்திய அரசின் 2022–26 விதிமுறையில், இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக நீர் சூழ்ந்த வீட்டுக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரம் முதலான வீட்டுப் பொருளுக்கு 2,500 ரூபாய் என்று வகுத்திருந்தார்கள். உங்கள் தரைத்தளத்தில் மூன்று நாள் நின்றதால் இது பொருந்தும், மாடி வீடுகளுக்குப் பொருந்தாது. 6,000 போன்ற மொத்தத் தொகை அந்தந்தப் புயலுக்கு மாநில அரசு எடுக்கும் முடிவு. 2024 ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு 2,000 என்று அறிவித்தார்கள். போன முறை கிடைத்தது என்று இந்த முறை உரிமையாகக் கேட்க முடியாது. தரைத்தளக் குடும்பங்களை மட்டும் ரேஷன் அட்டை எண், நீர் நின்ற உயரம், நாள் கணக்கோடு ஒரு பட்டியலாக்கி, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வருவாய் ஆய்வாளரின் பார்வைக் கையெழுத்தோடு தாசில்தாரிடம் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள், நனைந்தது அவர்கள் துணிதான். மாடி வீட்டுப் பெயர்களை "போகட்டும், சேர்த்துவிடலாம்" என்று சேர்ப்பது பேரிடர் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு உரிய பொய்க் கோரிக்கை. அதைவிட, அந்த ஒரு காரணத்தால் மொத்தப் பட்டியலும் நின்றுபோகும்.

வரும் திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு மூன்று தனித்தனி மனுக்களோடு போங்கள்: மாசு, மண்டபம்–லாரி, வெள்ள நிவாரணம். மாசு மனுவின் நகலை அதற்கு முன்பே வாரிய மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கி முதல் இணைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். "வாரியத்தைப் பாருங்கள்" என்று அங்கே யாராவது சொன்னால் நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.